நல்லது என்று ஒன்றாவது இருக்கிறதா, டாக்டர்?

கேள்வி:

எனக்கு 27 வயது. கொருக்குப்பேட்டையில் அம்மா, அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன். அப்பா தவறிவிட்டார். அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறார். நான் ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீசில் வேலை செய்கிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன் எடுக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எனக்கு ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று சொன்னார்கள். அதற்கு முன் டிப்ரஷன் என்றார்கள். அதற்கும் முன் ஒருவர் பைபோலார் என்றார். இப்போது வாரம் ஒரு தடவை தெரபிக்குப் போகிறேன். கையில் பழைய தழும்புகள் இருக்கின்றன. போன தீபாவளிக்கு அப்புறம் புதிதாக எதுவும் இல்லை.

எனக்கு எல்லாமே அதிகம். பிடித்துவிட்டால் உயிரைக் கொடுப்பேன். ஒரு வார்த்தை மாறினால் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு முன் என் உயிர்த் தோழி மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது. 17 தடவை போன் செய்தேன். வாய்ஸ் மெசேஜில் வாய்க்கு வந்தபடி பேசினேன். அன்றைக்கு அவள் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்திருக்கிறாள். அதிலிருந்து பேச்சு இல்லை.

அண்ணன் ‘எல்லாம் திமிரு’ என்கிறான். போனில் தேடினால் பாதிப் பேர் எங்களை மாதிரி ஆட்களைக் கண்டால் ஓடு என்கிறார்கள். மீதிப் பேர் இது ஒரு வரம், சூப்பர் பவர் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. இதோடு வாழ்வதில் நல்லது என்று ஒன்றாவது இருக்கிறதா, டாக்டர்? இருந்தால், நான் குணமாகும்போது அதுவும் போய்விடுமா? தோழிக்கு ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள கொருக்குப்பேட்டை வாசகிக்கு,

நீங்கள் அனுப்பியது ஒன்பது பக்கக் கடிதம். இடம் கருதி இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்பது பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் தாண்டிப்போன மூன்று இடங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

முதலில் நேரான பதில். இந்த நோயில் நல்லது எதுவும் இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதில் என்ன நல்லது இருக்கிறது? உள்ளுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை, தன்னையே தனக்குப் பிடிக்காமல் போவது, காலையில் தெய்வமாகத் தெரிந்த ஆள் சாயங்காலம் துரோகியாகத் தெரிவது. இதில் எதையும் வரம் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. வாழ்நாள் பூராவும் திட்டு வாங்கியவர்கள், தங்களுக்கு ஒரு நல்ல பெயராவது கிடைக்காதா என்று தேடுகிறார்கள். ஆனால் நோயையே வரமாக நம்பிவிட்டால் சிகிச்சைக்குப் போகும் கால் தானாகத் தயங்கும். அந்த இடத்தில்தான் எனக்குப் பயம்.

நோயைப் பற்றிச் சொன்னேன். இனி நோயோடு வாழும் உங்களைப் பற்றி. உங்களிடம் நல்லது நிறைய இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் குணமாகி வரும் பாதையின் பிற்பாதியை அதை வைத்துத்தான் கட்டப்போகிறீர்கள். அதனால் அது என்ன, எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கோடு போட்ட முதல் இடம், மூன்றாம் பக்கம். உங்கள் டியூஷனில் ஒரு பையன். எப்போதும் கத்திக்கொண்டே இருப்பவன், அன்றைக்குச் சத்தமில்லாமல் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். முனை கூராகிவிட்டது, மறுபடியும் சீவினான். மற்ற ஏழு பேருக்கும் கணக்குப் போடச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘சாப்ட்டியாடா?’ என்று மட்டும் கேட்டீர்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. வீட்டில் சண்டை, அடுப்பு பற்றவைக்கவில்லை. நீங்கள் தெருமுனைக் கடையில் நான்கு இட்லி வாங்கி வந்தீர்கள். இதை நீங்கள் எதற்காக எழுதினீர்கள் தெரியுமா? அன்றைக்கு டியூஷன் முடிய நேரமாகி, அண்ணியிடம் பேச்சு வாங்கியதைச் சொல்வதற்காக. பையன் விஷயம் இரண்டே வரி.

இரண்டாவது, 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது, கீழ்வீட்டுப் பாட்டியை மாடிக்குத் தூக்கிப் போனது, யார் யாருக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்தது, இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் தேடி நடந்தது. மூன்று நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தண்ணீர் வடிந்த அடுத்த நாள் அண்ணி ஏதோ சொன்னார் என்று பகல் முழுக்க அழுதீர்கள். ‘பாருங்க டாக்டர், நான் எவ்ளோ கேவலம்’ என்று முடித்திருக்கிறீர்கள். கடைசி நாளை மட்டும் எண்ணி, முதல் மூன்று நாளை விட்டுவிட்டீர்கள்.

மூன்றாவது, ஏழாம் பக்கத்தில் ஒரு ஓரக் குறிப்பு: ஒன்றரை வருடத்தில் தெரபிக்கு இரண்டு வாரம்தான் தவறியிருக்கிறீர்கள். எதையும் பாதியில் விட்டுவிடுகிறவள் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதிய அதே பக்கத்தில்.

இனி, இது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். இந்த நோய்க்கென்றே டிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சையை உருவாக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் சொல்லும் கணக்கு எளிமையானது. சிலர் பிறவியிலேயே மென்மையாக இருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தெரியாத சின்ன விஷயமும் அவர்களைத் தொடும். தொட்டால் பலமாகத் தொடும். அப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளை வளரும் இடத்தில், ‘இதுக்குப் போய் அழுவியா’, ‘சீன் போடாத’ என்று நாளும் சொல்லிக்கொண்டே இருந்தால், தான் உணர்வதை நம்பவும் தெரியாமல், அடக்கவும் தெரியாமல் வளர்கிறது. தீக்காயம் பட்ட உடம்போடு நடமாடுகிறவரைப் போல என்று அவர் ஒப்பிடுவார்: தோல் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இல்லை, லேசாகத் தொட்டாலும் உயிர் போகிறது. அவருக்கு இது வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்த விஷயமும் அல்ல. 17 வயதில் தானே மனநல மருத்துவமனையில் நெடுநாள் இருந்தவர். 2011-ல், அதே மருத்துவமனையில் நின்று அதை வெளிப்படையாகச் சொன்னார்.

பென்சில் சீவும் சத்தத்தில் பசியைக் கேட்டது அந்த மென்மைதான். நீல டிக்கில் துரோகத்தைப் பார்த்ததும் அதேதான். இரண்டு நாளும் உங்களுக்குள் மணி அடித்தது. பையனிடம் நீங்கள் கேட்டீர்கள். தோழியிடம் கேட்கவில்லை, நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

கடிதம் முழுக்க எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது ஒன்றுதான்.

முகத்தைப் படிப்பதில் உங்களைப் போன்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பல வருடமாக எங்கள் துறையில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் ஒரு விஷயம்: எந்த உணர்ச்சியும் இல்லாமல் சும்மா இருக்கும் முகத்தைக்கூட, கோபமான முகமாக எடுத்துக்கொள்ளும் போக்கு இந்த நோயில் அதிகம். அதாவது ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். அது என்ன என்பதில் தவறு நடக்கும். அதுவும் உங்களைப் பற்றிய விஷயமாக இருந்துவிட்டால் இன்னும் அதிகமாக.

ஐந்தாம் பக்கத்தில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ‘என்னைப் பார்க்கவே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.’ அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நீங்களே இரண்டு வரி மேலே எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி ஒன்றரை மணி. காசிமேட்டில் ஞாயிறு ஏலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நெரிசலில் நின்று ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, வெயிலில் உட்கார்ந்து பேரம் பேசி விற்றுவிட்டு வருகிற மனுஷிக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? சரி, நான் சொல்வதும் ஊகம்தான். அதனால் கேட்டுவிடுங்கள். வருகிற ஞாயிறு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ‘எம்மா, களைப்பா, இல்ல என்மேல கோவமா?’ என்று கேளுங்கள். பையனிடம் கேட்ட அதே குரலில். என்ன பதில் வந்தாலும் அது உங்கள் மனம் சொல்லும் பதிலைவிட நம்பகமானது.

இதற்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம், கேமரா வைத்திருந்தால் அதில் பதிவாகியிருப்பது மட்டும்: ‘நீல டிக். மூன்று மணி நேரம் பதில் இல்லை.’ வலது பக்கம், உங்கள் மனம் சொன்னது: ‘என்னை வெறுத்துவிட்டாள்.’ இரண்டையும் எதிரெதிரே பார்க்கும்போது, நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். உங்கள் தெரபிஸ்ட் இதை ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அவர் சொன்ன முறையிலேயே செய்யுங்கள்.

குணமானால் இதெல்லாம் போய்விடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். குணமாவோம் என்று நம்புகிறவர்களால்தான் இதைக் கேட்க முடியும்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. பாஸ்டன் பக்கத்தில் மெக்லீன் என்ற மனநல மருத்துவமனையில், மேரி ஸனாரினி என்பவரின் குழு, உள்நோயாளியாகச் சேரும் அளவுக்குத் துன்பப்பட்ட 290 பேரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தது. பத்து ஆண்டு முடிவு 2010-ல் வெளிவந்தது. 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டாவது நீடிக்கும்படி அறிகுறிகள் அடங்கியிருந்தன. நான் படித்த காலத்தில் இப்படி ஒரு எண்ணை யாராவது சொல்லியிருந்தால் வகுப்பில் நம்பியிருக்க மாட்டோம். ‘இவங்களை எடுத்துக்காத, உன்னை உறிஞ்சிருவாங்க’ என்று ஒரு மூத்தவர் எனக்குச் சொன்னதும், நானும் சில வருடம் அதை நம்பி நடந்துகொண்டதும் இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. உங்களிடம் யாராவது ஒரு டாக்டர் முகம் சுளித்திருந்தால், அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. எங்கள் துறை பழைய பாடத்தை மறக்க எடுத்துக்கொண்ட காலம் அது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது, அதையும் மறைக்கக் கூடாது. அறிகுறி அடங்கியதோடு, வேலை, உறவு என்று வாழ்க்கையும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர்தான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற வேகமான அறிகுறிகள் சீக்கிரம் விலகுகின்றன. வெறுமையும், விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயமும், கோபமும் மெதுவாகத்தான் போகின்றன. நோய் அடங்கினால் போதும், வாழ்க்கை தானாக வந்துவிடும் என்று இல்லை. அதைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது. பிற்பாதி என்று மேலே சொன்னது இதைத்தான். எட்டுப் பிள்ளைகள் தினமும் உங்களைத் தேடி வருவதும், 2023-ல் நோட்டு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய பெண்ணும், ஒன்றரை வருடம் விடாமல் தெரபிக்குப் போகும் பிடிவாதமும் அந்தக் கட்டடத்துக்கான செங்கல். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிகிச்சை அந்த மென்மையை மழுங்கடிக்காது. நான் பார்த்தவரை அது எடுத்துவிடுவது, தொட்டபின் திரும்பி வர ஆகும் நீண்ட நேரத்தை. அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன்: திருவொற்றியூர் பக்கம் ஒரு தையல்காரப் பெண்மணி என்னிடம் பல வருடம் வந்தார். பிளவுஸ் போட்டுப் பார்க்கும் பெண், கண்ணாடி முன்னால் தோளை லேசாக அசைப்பதிலேயே, கை இறுக்குகிறது என்று இவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் அது தெரிந்த மறுநொடி, ‘என் தையல் பிடிக்கலன்னா வேற கடைக்குப் போங்க’ என்று துணியைப் பிடுங்கி வைத்துவிடுவார். வாடிக்கை எல்லாம் போய்விட்டது. இப்போதும் அந்தத் தோள் அசைவு அவர் கண்ணில் படத்தான் செய்கிறது. ‘கை கொஞ்சம் பிடிக்குதாம்மா? அரை இன்ச் விட்டுர்றேன்’ என்கிறார். அவர் கண்ணை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணுக்காகவே பெண்கள் அவரிடம் போகிறார்கள்.

மாத்திரை பற்றியும் பயந்து கேட்டிருந்தீர்கள். இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை எதுவும் கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சைதான் முதன்மை. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்காக மாத்திரை தருவோம். நீங்கள் போடும் மாத்திரையால் மந்தமாக, மரத்துப்போன மாதிரி இருந்தால் அதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியும். நீங்களாகத் திடீரென்று நிறுத்த மட்டும் வேண்டாம்.

அண்ணன் விஷயம். ‘பார்டர்லைன்னா லைட்டா மென்டல்னு அர்த்தம்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் அப்படித்தான் குழப்பும். 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர், அப்போது இருந்த இரண்டு நோய்வகைகளுக்கும் நடுவில், எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் என்று எழுதிய சொல், இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைத்தியத்தின் ஓரம் என்று அதற்குப் பொருள் இல்லை. 1980-ல்தான் தனி நோயாக வரையறுத்தார்கள். இன்றைய வரையறைப்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதனால் இரண்டு பேருக்கு இதே நோய் இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். நெட்டில் வாசித்து உங்களை அளக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே போதும். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரு பெயரைச் சொல்லியே ஆளைக் கேலி செய்து பழகிவிட்டோம். 1794-ல் தொடங்கி இன்றும் ஏழைகளுக்குக் கதவு திறந்து வைத்திருக்கும் ஒரு ஆஸ்பத்திரியை வசவாக்கி வைத்திருக்கிறோம். அண்ணனும் அந்தக் காற்றில் வளர்ந்தவர்தான். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். திமிர் இருக்கிறவர் ஒன்பது பக்கம் எழுதித் தன்னிடம் நல்லது இருக்கிறதா என்று கேட்க மாட்டார் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். வீட்டில் அவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் உடைந்து நிற்கும் நேரத்தில் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்பதற்குப் பதில், ‘உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாம்’ என்று சொன்னால் போதும். நீங்கள் கத்தியது சரி என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வலிக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

டிப்ரஷன், பைபோலார் என்று பெயர் மாறி மாறி வந்ததில் நீங்கள் இழந்த வருடங்களுக்காக வருந்துகிறேன். ஆனால் சரியான பெயர் கிடைத்துவிட்டது. அதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். ‘நான் மோசமானவள்’ என்பதோடு ஒன்றும் செய்ய முடியாது. ‘எனக்கு இது இருக்கிறது’ என்பதோடு செய்வதற்கு நிறைய இருக்கிறது.

அந்த 17 போன் கால் மாதிரி நேரங்களுக்கு வருகிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உங்களுக்குத் தெரியாததா? கூட்ஸ் வண்டி வந்தால் கேட் மூடிவிடும். அவசரம் எல்லோருக்கும்தான். ஆபீசுக்கு நேரமாகும், வெயில் அடிக்கும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஆனாலும் நிற்கிறோம், ஏனென்றால் வண்டி போய்விடும் என்று தெரியும். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது 20 நிமிடம் கேட் போடுங்கள். அந்த 20 நிமிடத்துக்குப் போன் இல்லை, மெசேஜ் இல்லை, முடிவு இல்லை. சும்மா நிற்பது கஷ்டம் என்பதால் உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு பேசினில் ஐஸ் போட்ட தண்ணீர் எடுத்து, மூச்சைப் பிடித்து முகத்தை அரை நிமிடம் அதில் வையுங்கள். முகத்தில் குளிர் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாக மெதுவாகும். உடம்பில் இயற்கையாக இருக்கும் ஏற்பாடு அது. மனதோடு வாதாட வேண்டிய தேவையே இல்லாமல் உடம்பு ஒரு படி இறங்கிவிடும். (இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.) 20 நிமிடம் கழித்தும் போன் செய்யத் தோன்றினால் செய்யுங்கள். அநேகமாக அது 17-ஆக இருக்காது, ஒன்றாக இருக்கும்.

ஆனால் இதை முதன்முதலாக உச்சத்தில் முயன்றால் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். எஞ்சின் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையில் கிழிசல் பார்ப்பார்கள். நடுக்கடலில் யாரும் வலை பின்னக் கற்றுக்கொள்வதில்லை. மனம் சாந்தமாக இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சும்மாவே ஒரு தடவை ஐஸ் தண்ணீரில் முகத்தை வைத்துப் பாருங்கள். நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். கை பழகட்டும்.

தழும்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் அதைத் தாண்டிப்போகப் போவதில்லை. போன தீபாவளியிலிருந்து இன்றுவரை என்பது சின்ன விஷயம் அல்ல. எத்தனையோ ராத்திரிகளில் நீங்கள் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், யாரும் பார்க்காமல், யாரும் பாராட்டாமல். மறுபடி அந்த எண்ணம் வந்தால், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், கேட் போடுவதோடு நிற்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் தெரபிஸ்ட், அண்ணி, யாராக இருந்தாலும் சரி. யாரும் கிடைக்காவிட்டால் 14416, டெலி மனஸ். ராத்திரி பகல் எந்நேரமும், தமிழில், கட்டணம் இல்லாமல் பேசலாம். 104-க்கும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் அண்ணியின் போனிலும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் தவறிவிட்டாலும் இத்தனை மாதம் அழிந்துபோவதில்லை. மறுநாள் தெரபிஸ்டிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம். இதைப் படிக்கிற, இன்னும் யாரிடமும் போகாத வேறு பெண்களுக்கும் ஒன்று: ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டுப் போட்டால் போதும். டிபிடி பயிற்சி பெற்றவர்கள் நம் ஊரில் குறைவுதான், அது நிஜம். ஆனால் விடாமல் கேட்கும் ஒரு நல்ல டாக்டரிடமிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, அந்த மெசேஜ். இப்போது இருக்கிறபடி அனுப்ப வேண்டாம். நாற்பது வரி இருக்கிறது. முதல் பதினைந்து வரி உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். அதைப் படிக்கிற தோழி, தன் காயத்தை ஓரமாக வைத்துவிட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். கடைசி ஐந்து வரியில், ‘நீ பதில் போடலன்னா இனிமே யாரையும் நம்ப மாட்டேன்’ என்று இருக்கிறது. நீங்கள் வலியில் எழுதியது, எனக்குப் புரிகிறது. அவள் காதில் அது மிரட்டலாக விழும். நடுவில் நோயைப் பற்றிய விளக்கம், அது எப்போதாவது அவள் கேட்டால் சொல்லலாம்.

ஆனால் 31-வது வரியில், இவ்வளவுக்கும் நடுவே, ‘உன் மாமியார் இப்போ எப்படி இருக்காங்க?’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மேலே கொண்டுவாருங்கள். மற்றதை எடுத்துவிட்டால் இவ்வளவுதான் மிஞ்சும்:

‘உன் மாமியார் இப்போ எப்படி இருக்காங்க? அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தது தெரியாம ரொம்ப மோசமாப் பேசிட்டேன். அது என் தப்பு. நீ பதில் போட்டே ஆகணும்னு இல்ல.’

அவள் பதில் போடாமலும் இருக்கலாம். அது வலிக்கும். அதற்கும் தயாராக இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து, ஏழு மணிக்குப் பிள்ளைகள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அனுப்புங்கள். அனுப்பியதும் போனை அண்ணியிடம் கொடுத்து, எட்டரை மணிக்குத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் பாயை விரியுங்கள். அந்தப் பென்சில் பையன் அன்றைக்குக் கத்துகிறானா, சீவுகிறானா என்று பாருங்கள்.